வயலும் மாட்டுப்பட்டியும் உள்ளவர் எந்த இயந்திரத்தை வாங்கலாம், எதை வாடகைக்குப் பிடிக்கலாம்?

கேள்வி திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலிருந்து வந்தது. கந்தளாய்க் குளத்து நீரில் செய்யும் வயல் 14 ஏக்கர். மேட்டுக்காணி 6 ஏக்கர், அதில் தென்னையும் தீவனப் புல்லும். பட்டியில் 40 மாடு. லீசிங்கில் ஒரேயொரு இயந்திரம்தான் எடுக்க முடியும். ஜேசிபி (முன்னால் அள்ளும் வாளியும் பின்னால் தோண்டும் வாளியும் உள்ள மண்வேலை இயந்திரம்) எடுப்பதா, முன்வாளி பூட்டிய உழவு இயந்திரம் எடுப்பதா, வெறும் உழவு இயந்திரம் போதுமா?

என் பதில்: 45 குதிரைவலு அளவில், நான்கு சில்லும் இழுக்கும், எடை குறைந்த உழவு இயந்திரம். அதனோடு 5 அடி ரொட்டவேற்றர் (சுழலும் தகடுகளால் மண்ணை அடிக்கும் கருவி), ஒன்பது கொழுக் கலப்பை, பின்னால் இழுக்க ஒரு பெட்டி (ட்ரெய்லர்). முன்வாளி இப்போது வேண்டாம். ஜேசிபி எப்போதும் வேண்டாம். தேவைப்படும்போது வாடகைக்குப் பிடியுங்கள்.

காரணம் நேரம். வாய்க்கால் துப்பரவுக்கும், குட்டை வெட்டவும், மண் நிரவவும் ஆவணி, புரட்டாதி என்று இரண்டு மாதம் கையில் இருக்கிறது. இந்தக் கிழமை பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) கிடைக்காவிட்டால் அடுத்த கிழமை கிடைக்கும். உழவு அப்படியில்லை. போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாள் குறித்துவிட்டால் வட்டை, அதாவது அந்த வயல்வெளி, முழுவதும் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்கும். வாடகை மிசின்காரர் யாருக்கு முதலில் வருவார் என்பது உங்கள் கையில் இல்லை. பிந்தி விதைத்த வயல் கடைசித் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். அயலெல்லாம் வெட்டி முடிந்த பிறகு உங்கள் கதிர் மட்டும் நின்றால் கிளியும் மயிலும் அங்கேதான் வரும். ஆகவே காத்திருக்க முடியாத வேலைக்குச் சொந்தமாக வாங்குங்கள், காத்திருக்கக்கூடிய வேலைக்கு வாடகை பிடியுங்கள்.

எவ்வளவு பெரியது தேவை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கருவியின் அகலத்தை மீற்றரிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீற்றரிலும் எடுத்துப் பெருக்கி, திரும்பும் நேரத்துக்காக 0.75ஆல் பெருக்கி, 10ஆல் வகுத்தால் ஒரு மணித்தியாலத்தில் முடியும் ஹெக்டயர் வரும். 5 அடி ரொட்டவேற்றர் 1.5 மீற்றர், சேற்றில் வேகம் 3 கிலோமீற்றர் என்றால் 0.34 ஹெக்டயர், அதாவது ஏறக்குறைய 0.83 ஏக்கர். 14 ஏக்கரை இரண்டு தடவை அடிக்க 34 மணித்தியாலம். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் ஓடினால் நாலைந்து நாள். இதையே லான்ட் மாஸ்டரில் (கைப்பிடியைப் பிடித்து நடந்தபடி ஓட்டும் சின்ன உழவு இயந்திரம்) பாருங்கள். அகலம் 60 சென்ரிமீற்றர், வேகம் இரண்டரை என்று வைத்தால் மணிக்கு 0.28 ஏக்கர்தான். இரண்டு தடவைக்கு 100 மணித்தியாலம், கிட்டத்தட்ட பதின்மூன்று நாள், அதுவும் ஆள் பின்னால் நடந்தபடி. மூன்று, நான்கு ஏக்கருக்கு லான்ட் மாஸ்டர் நல்ல சாமான். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணல் தரையில் வெங்காயம் வைப்பவருக்கு அதைவிடப் பெரியது வீண் செலவு. 14 ஏக்கருக்கு அது பற்றாது.

முதல் உழவுக்கும் இரண்டாம் உழவுக்கும் இடையில் இரண்டு கிழமை விட்டால்தான் களையும் தாளும் அழுகும். சொந்த மிசின் இருப்பவருக்கு அந்த இடைவெளி விடலாம். வாடகைக்குப் பிடிப்பவர், "வந்த கையோடு இரண்டையும் அடித்துவிட்டுப் போ" என்று சொல்லவேண்டி வரும். பிறகு அந்தக் காசு களைநாசினிக்குப் போகும்.

இனி எடை. வாங்குபவர்கள் அதிகம் பிழைவிடுவது இங்கேதான். குதிரைவலுவை மட்டும் பார்க்கிறார்கள். 45 குதிரைவலு என்று ஒரே எண் எழுதியிருந்தாலும், குபோட்டா எல் 4508 ஏறக்குறைய 1.4 டன், மஹிந்திரா 575 ஏறக்குறைய 1.9 டன். அந்த அரை டன் வித்தியாசம் ரோட்டில் நெல்லுப் பெட்டி இழுக்கும்போது நன்மை. காய்ந்த மேட்டுக்காணியில் சட்டிக் கலப்பை (வட்டத் தகடுக் கலப்பை) போடும்போதும் நன்மை, சில்லு வழுக்காது. நீர் நின்ற பள்ளக்காணியில் அதே எடை எதிரி. வயலுக்கு அடியில், 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில், வருடக்கணக்கான உழவால் இறுகிய படை ஒன்று இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைப்பதும் உழவு இயந்திரத்தைத் தாங்குவதும் அதுதான். பாரமான மிசின் ஒருமுறை அதை உடைத்துக்கொண்டு இறங்கினால், அந்த இடம் பிறகு ஒவ்வொரு போகமும் புதைகுழிதான்.

உங்கள் வயலுக்கு எது சரி என்று அறிய ஒரு கம்பி போதும். தண்ணீர் கட்டி நாலைந்து நாள் ஊறிய பிறகு, அரை அங்குலக் கம்பியைக் கையால் அழுத்தி ஏக்கருக்குப் பத்து இடத்தில் குத்திப் பாருங்கள். எட்டு ஒன்பது அங்குலத்தில் கம்பி நின்றால், இரண்டு சில்லு இழுக்கும் மிசினும் இரும்புச் சில்லோடு சமாளிக்கும். ஓர் அடிக்குக் கீழேயும் இலேசாக இறங்கிக்கொண்டே போனால் நான்கு சில்லு இழுவையும் குறைந்த எடையும் கட்டாயம். வாய்க்கால் கடைமடையிலும் குளக்கட்டுக்குக் கீழேயும் கசிவு நிற்கும் துண்டுகளிலும் குத்தாமல் விடவேண்டாம். நல்ல 12 ஏக்கரைப் பார்த்து வாங்கிய மிசின் மோசமான 2 ஏக்கரில்தான் புதையும்.

ரயருக்குள் தண்ணீர் நிரப்புவது மேட்டுக்காணி வேலைக்கும் பெட்டி இழுவைக்கும் சரி, முக்கால் பங்கு வரை நிரப்பலாம். வயலுக்கு இறங்கும் முன் வெளியேற்றிவிட வேண்டும். வயலில் ரயருக்குப் பக்கத்தில் அரை இரும்புச் சில்லு பூட்டுங்கள். முழு இரும்புச் சில்லு ஆழச் சேற்றில் இன்னும் நன்றாக மிதக்கும், ஆனால் அதோடு ரோட்டில் ஏற முடியாது. தார் கிழியும், கிறவல் பாதையில் அச்சுக்கும் கெடுதல். வயல் வீட்டோடு ஒட்டியிருந்தால் முழுச் சில்லு, இரண்டு மூன்று கண்டமாக (வயல்துண்டாக)த் தள்ளித் தள்ளி இருந்தால் அரைச் சில்லு.

புதைந்துவிட்டால் ஒரு விஷயம் மட்டும் செய்யவே கூடாது. பின்சில்லில் மரக்கட்டையைக் கட்டி முன்கியரில் ஏற்றிப் பார்ப்பது. சில்லு சுற்ற முடியாமல் கட்டை பிடித்துக்கொண்டால், மிசினின் உடம்பு அச்சைச் சுற்றி மேலே எழும்பும். முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ இரண்டு செக்கன்கூட எடுக்காது, கிளச் மிதிக்க நேரமிருக்காது. கவிழ்ந்தால் ஓட்டுபவர் அடியில். கருவியைக் கழற்றுங்கள், சில்லுக்குப் பின்னால் மண்ணை வெட்டுங்கள், வந்த வழியே பின்கியரில் எடுங்கள். வராவிட்டால் இன்னொரு மிசினால் இழுங்கள். அப்போதும் கயிற்றை அச்சுக்குக் கீழே, இழுவைச் சட்டத்தில் கட்டுங்கள். கருவி பூட்டும் மூன்று புள்ளி இணைப்பின் மேல்கையில் கட்டினால் அதே கவிழ்வுதான். வரம்பைக் குறுக்கே, நேராகக் கடக்க வேண்டும். உயர்ந்த வரம்பென்றால் பின்கியரில் ஏறுவது பாதுகாப்பு. கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டம் பூட்டிய மிசினா என்று வாங்கும்போதே பாருங்கள், பழையவற்றில் இருக்காது.

ரொட்டவேற்றர் பற்றி. பீ.ரீ.ஓ.வில் (எஞ்சின் வலுவைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கச் சுழல்தண்டு) கிடைக்கும் வலு எஞ்சின் வலுவில் ஏறக்குறைய 85 சதவீதம். 45 குதிரைவலு என்றால் 38. ஈரத்தில் ஓர் அடி அகலத்துக்கு 7 முதல் 9 குதிரைவலு கேட்கும். ஆகவே 5 அடி பொருத்தம். விற்பவர் 6 அடி தருகிறேன் என்பார். காய்ந்த மண்ணில் அது ஓடும். ஊறிய களியில், முழங்கால் சேற்றில், எஞ்சின் திணறிக் கறுப்புப் புகை தள்ளும், டீசல் குடிக்கும், கிளச் தேயும். சேற்று வேலைக்குச் சங்கிலி இழுவையைவிடக் கியர் இழுவை உள்ள ரொட்டவேற்றரே நல்லது. சங்கிலிப் பெட்டியின் சீல் ஒருமுறை விட்டால் சேறு புகுந்து சங்கிலியை அரைக்கும். 5 அடிக்கு 36 வெட்டுத் தகடு அளவில் இருக்கும். புதுத் தகடு போட்டு முதல் இரண்டு மணித்தியாலம் ஓடியதும் எல்லாப் போல்ற்றையும் மீண்டும் இறுக்குங்கள். இதைச் செய்யாததால்தான் தகடு கழன்று பக்கத்துத் தகடுகளையும் வளைக்கிறது.

பீ.ரீ.ஓ.வையும் கருவியையும் இணைக்கும் தண்டின் நீளம் வாங்கிய அன்றே பார்க்கவேண்டியது. கருவியை ஆகக் கீழே இறக்கி, ஆக மேலே தூக்கி, இரண்டு நிலையிலும் உள்குழாயும் வெளிக்குழாயும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கவேண்டும். நீளம் கூடினால் தூக்கும்போது முட்டிக் கியர்ப்பெட்டியை உடைக்கும், குறைந்தால் சுற்றும்போதே கழன்று அடிக்கும். கண்டத்தின் மூலையில் திரும்பக் கருவியை உயரத் தூக்கும்போது பீ.ரீ.ஓ.வை நிறுத்துங்கள். சோம்பலில் நிறுத்தாமல் திரும்புவதால்தான் தண்டின் குரொஸ் மூட்டு உடைகிறது. தண்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி எறியும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. சாரம் (லுங்கி) கட்டி வேலைசெய்யும் இடத்தில், நிமிடத்துக்கு 540 தடவை சுற்றும் தண்டைத் திறந்து விடுவது தற்கொலை.

ஒன்பது கொழுக் கலப்பையை ஏன் சொல்கிறேன் என்றால், ரொட்டவேற்றர் எப்போதும் ஒரே ஆழத்தில், 10 முதல் 12 சென்ரிமீற்றரில், அடித்துக்கொண்டிருக்கும். வயலில் அது பரவாயில்லை. மேட்டுக்காணியில் தீவனப் புல் வைத்த இடத்தில் அதே வேலை வேர் இறங்காத தட்டை உண்டாக்கும். புல் இரண்டாம் வருடம் குட்டையாகிறது என்று உரத்தைக் கூட்டுவார்கள், குறை மண்ணுக்குள் இருக்கும். முதல் மழை விழுந்து மண் இளகியதும் கொழுக் கலப்பையை ஆழமாகப் போடுங்கள். மானாவாரியில் புழுதி விதைப்புச் செய்பவருக்கு இதுதான் முதற் கலப்பை. தென்னைக்குக் கிட்ட, அடியிலிருந்து இரண்டு மீற்றருக்குள், எந்தக் கலப்பையும் போகக்கூடாது. உரம் எடுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பொருத்தம் பார்க்கவேண்டிய இன்னொன்று, கருவியைப் பூட்டும் ஊசியின் (பின்) அளவு. மூன்று புள்ளி இணைப்பில் முதலாம் வகைக்குக் கீழ் ஊசி 22 மில்லிமீற்றர், இரண்டாம் வகைக்கு 28. இந்த வலு அளவில் இரண்டு வகையும் சந்தையில் உண்டு. பெரிய துளைக்குள் சின்ன ஊசியைப் போட்டு ஓடினால் துளை முட்டை வடிவாகி, கருவி பக்கவாட்டில் ஆடும். அடாப்டர் வளையம் மலிவான சாமான்.

மாட்டுப் பக்கம் வருவோம். பெரும்போகத்தில் வயல் முழுதும் பயிர், மாடு காட்டோரமும் மேய்ச்சல் தரையிலும் நிற்கும். வெட்டு முடிந்ததும் வயலுக்கு வரும். கடும் வெயிலில்தான் தண்ணீருக்கும் தீனிக்கும் முடை. ஒரு மாட்டுக்கு நாளைக்கு 40 லீற்றர் என்று எடுத்தால் 40 மாட்டுக்கு 1,600 லீற்றர். பெட்டியில் 1,000 லீற்றர்த் தாங்கி வைத்து இரண்டு நடை. தாங்கியை நிரப்பி ஓட்டுங்கள், அல்லது வெறுமையாக ஓட்டுங்கள். அரைத் தாங்கி தண்ணீர் வளைவில் அலைமோதிப் பெட்டியைக் கவிழ்க்கும்.

வைக்கோல் கணக்கு இன்னும் பெரிது. மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ, நாலு மாதத்துக்கு, 24 டன் வருகிறது. நெல் வெட்டு மிசின் அடிக்கட்டையை உயர விட்டுப் போவதால் உங்கள் வயலின் வைக்கோலில் பாதியளவுதான் கையில் சேரும். அயல் வயல்களிலும் எடுக்கவேண்டி வரும். 20 கிலோ உருளையாகக் கட்டினால் 1,200 கட்டு. சிறு உருளைக்கட்டு மிசினை நீங்கள் வாங்கும் அதே உழவு இயந்திரம் இழுக்கும், ஆனால் கட்டும் மிசினை முதல் வருடம் வாடகைக்கே பிடியுங்கள். வெட்டிய பிறகு இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்திருக்கவேண்டும். கையில் முறுக்கினால் நொறுங்கவேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம். ஈரத்தோடு கட்டியது உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். தை, மாசியில் வெட்டும் வயலில் மழை இடைக்கிடை வந்து இந்தக் கணக்கைக் குழப்பும். சிறுபோக வைக்கோல்தான் கட்டுவதற்கு நம்பகமானது.

முன்வாளி பற்றிக் கேட்டீர்கள். எரு அள்ள, மணல் ஏற்ற, கட்டு அடுக்க வசதிதான். ஆனால் சில நிபந்தனை உண்டு. இரண்டு சில்லு இழுவை மிசினின் முன்னச்சு இந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. கிங்பின்னும் பெயாரிங்கும் சீக்கிரம் போகும். நான்கு சில்லு இழுவையிலும், வாளியில் பாரம் தூக்கும்போது பின்னால் 400 கிலோ அளவில் எதிர்ப்பாரம் தொங்கவேண்டும், இல்லாவிட்டால் பின்சில்லு கிளம்பும். முன்னும் பின்னும் போய்வரும் வேலையாதலால் கிளச் வழமையைவிட வேகமாகத் தேயும். உழவுக்கு இறங்கும் முன் வாளியைக் கழற்றாவிட்டால் முன்பக்கம் சேற்றில் புதையும், கழற்றுவது அரைநாள் வேலை என்றால் யாரும் கழற்றமாட்டார்கள். 40 மாட்டின் எருவுக்கு இரண்டு ஆளும் மண்வெட்டியும் இப்போதைக்குக் காணும். சறுக்கித் திரும்பும் சின்ன லோடர்கள் கொட்டகையில் கட்டி வளர்க்கும் பண்ணைக்குரியவை. மேய்ச்சல் தரையில் திரும்பும் இடமெல்லாம் புல்லைப் பிடுங்கும்.

இப்போது ஜேசிபி. அது 7 முதல் 8 டன். உங்கள் வயலுக்குள் காய்ந்த காலத்தில் மட்டும் போகலாம். 14 ஏக்கர்காரருக்குச் சொந்த வேலை வருடத்தில் இருபது, முப்பது மணித்தியாலத்துக்கு மேல் வராது. மிச்ச நேரம் வெளியே வாடகைக்கு ஓட்டவேண்டும். அது வேறு தொழில், வேறு ஆள், வேறு தலையிடி.

வாடகைக்குப் பிடிக்கும்போதும் மணித்தியாலக் கூலியைப் பார்த்துத் தெரிவு செய்யவேண்டாம். மாடு குடிக்க மேட்டுக்காணியில் ஒரு குட்டை வெட்டுவதாக வைப்போம். மேலே 20க்கு 15 மீற்றர், ஆழம் 2 மீற்றர், சரிவு ஒரு மீற்றர் ஆழத்துக்கு ஒன்றரை மீற்றர். அடித்தளம் 14க்கு 9 ஆக வரும். மண் ஏறக்குறைய 414 கன மீற்றர். ஜேசிபியின் பின்வாளி கால் கன மீற்றர் அளவு, மணிக்கு இருபது இருபத்தைந்து கன மீற்றர் எடுக்கும். 18 மணித்தியாலம் போகும். செயினில் ஓடும் 20 டன் பெக்கோ மணிக்கு அறுபதுக்கு மேல் எடுக்கும், ஆறேழு மணித்தியாலத்தில் முடியும். பெக்கோவின் மணிக்கூலி இரண்டு மடங்கு என்றாலும் அதுதான் மலிவு. ஆனால் அதை லோ பெட் லொறியில் ஏற்றிவரும் கூலியும் குறைந்தபட்ச மணித்தியாலமும் சேரும். அதனால் தனியாகப் பிடிக்காமல், பக்கத்துக் காணிக்காரர் இருவரோடு சேர்ந்து ஒரே வருகையில் முடியுங்கள். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் மீற்றர் எண்ணைப் படமெடுத்து வையுங்கள். நிலத்தடி நீர் ஆகக் கீழே நிற்கும் ஆவணி, புரட்டாதியில் வெட்டினால்தான் ஆழம் உண்மையாகக் கிடைக்கும். வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகும். ஐந்து மாதத்தில் முக்கால் மீற்றர் போய்விடும். ஆகவே ஒன்றரை மீற்றர்க் குட்டை வெட்டுவது காசை வெயிலில் காயப்போடுவது.

காடுபற்றிய துண்டைத் துப்பரவாக்கும் முன் இரண்டு விடயம். பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைச் சொல்கிறது. மூதூர், சம்பூர்ப் பக்கம் யுத்தகாலத்துக்குப் பின் மண் புரட்டாத காணி என்றால், கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேட்காமல் எந்த இயந்திரத்தையும் இறக்கவேண்டாம்.

அறுவடை மட்டும் நான் முதலில் சொன்ன விதிக்கு அடங்காது. அதுவும் காத்திருக்காத வேலைதான். ஆனால் 14 ஏக்கரால் ஒரு வெட்டு மிசினைத் தாங்கமுடியாது. வெளி மாவட்டங்களிலிருந்தும் மிசின் வருவதால் போட்டி உண்டு. கதிர் பழுக்கத் தொடங்கியதுமே சொல்லிவைத்து, ஒரு வட்டையாகச் சேர்ந்து பேசினால் சமாளிக்கலாம். ரப்பர்ச் செயினில் ஓடுவதையே பிடியுங்கள்.

சாரதிக்கு ஜீ வகுப்பு அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும். லான்ட் மாஸ்டருக்கு ஜீ1.

புதியதுக்குக் காசு போதாமல் பாவித்தது பார்ப்பதாயிருந்தால், நிறத்தைப் பார்க்கவேண்டாம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து ஓடவிட்டால் புகை ஊதித் தள்ளுகிறதா? பின்னச்சு, கியர்ப்பெட்டி ஒயில் பால்நிறமாக இருக்கிறதா? இருந்தால் சீல் வழியே வயல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ரொட்டவேற்றரைத் தூக்கி, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் நில்லுங்கள். கருவி கீழே இறங்கிவந்தால் ஹைட்ரோலிக் வேலை வரும். முன்சில்லைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். நான்கு சில்லு இழுவையைப் போட்டு மெதுவாகத் திருப்புங்கள், முன்னச்சில் கடகடவென்ற சத்தம் வந்தால் அந்த முன்னச்சைத் திருத்தும் செலவைக் கந்தளாயில் ஒரு பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கேட்டபிறகு பேரம் பேசுங்கள். எந்த மொடல் என்பதைவிட, அதன் பில்டரும் சீலும் கிளச் தட்டும் திருகோணமலையிலோ கந்தளாயிலோ அன்றன்றே கிடைக்குமா என்பது பெரிது. மாசி பேர்கசன் 240 பழையதென்றாலும் இன்றும் விலைபோவது அதனால்தான். கடைசியாகப் பதிவுப் புத்தகம். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் நின்றால், கடன் முடிந்த கடிதம் கையில் வரும்வரை முற்பணத்துக்கு மேல் கொடுக்கவேண்டாம். செசி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.